காயர் ஸ்கோரில் வரும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையை இணைப்பாட நடவடிக்கையாகப் பள்ளி காயரில் (சேர்ந்து பாடும் குழுவில்) சேர்த்த பெற்றோர், தேவாலயப் பாடகர் குழுவுக்குப் புதியவர்கள், கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு மேற்கத்தியக் குழுவில் பாடப் போனவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு ஸ்கோரும் (பாட்டின் இசைக்குறிப்புத் தாள்) பென்சிலும் இருந்தால் நல்லது.

எஸ்.ஏ.டி.பி.ன்னா என்ன? என் பையன் ஸ்கோர்ல எஸ்.ஏ.பி.ன்னு இருக்கே, ஒரு எழுத்து விட்டுப்போச்சா?

விட்டுப்போகவில்லை. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களின் முதலெழுத்துகள்தான் எஸ்.ஏ.டி.பி. ஆண்குரலை இரண்டாகப் பிரிக்காமல் ஒன்றாகவே எழுதினால் எஸ்.ஏ.பி. குரல் உடையும் வயதுப் பையன்கள் இருக்கும் உயர்நிலைப்பள்ளிக் குழுக்களுக்கு அது தோதானது. பெண்கள் பள்ளிகளில் எஸ்.எஸ்.ஏ., ஆண்கள் குழுவில் டி.டி.பி.பி. என்று பார்க்கலாம்.

பியானோவின் நடு சி-யை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சொப்ரானோ அங்கிருந்து அடுத்த ஸ்தாயியின் ஏ வரை போகும். ஆல்ட்டோ நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யில் தொடங்கி அடுத்த ஸ்தாயியின் டி வரை. டெனர் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து நடு சி-க்கு மேலே உள்ள ஜி வரை. பேஸ் ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயி கீழே உள்ள எஃப்-இல் தொடங்கி நடு சி-யைத் தொடும். இவை பொதுக்கணக்கு, பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் மாறும்.

மகளை ஆல்ட்டோவில் போட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலும் மெட்டு சொப்ரானோவிடம் இருக்கும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே வேறொரு வரியைப் பாடுவதுதான் கடினம்.

டெனர் வரியும் சொப்ரானோ வரியும் ஒரே மாதிரி கிளெஃப்ல இருக்கு. அவ்வளவு உயரத்துல எப்படிப் பாடுறது?

கிளெஃப் என்பது வரியின் தொடக்கத்தில் ஸ்வர உயரத்தைக் காட்டும் குறி. டெனர் கிளெஃபின் அடியில் சிறிதாக 8 என்று இருக்கும். எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாடு என்பது அதன் பொருள். பழைய அச்சுகளில் அந்த 8 இருக்காது, ஆனால் பொருள் அதேதான். வீட்டில் கீபோர்டில் வாசித்துப் பழகும்போது இதை மறந்து, சொப்ரானோ ஸ்தாயியிலேயே பதிவு செய்து, அதோடு சேர்ந்து பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு ஸ்தாயி இறக்கி வாசியுங்கள்.

ஆசிரியர் கிராட்செட்ங்கிறார், யூடியூப்ல குவார்ட்டர் நோட்ங்கிறாங்க. எதை நம்புறது?

இரண்டும் ஒன்றுதான். சிங்கப்பூரில் பலர் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வழியாகப் படிப்பதால் பிரிட்டிஷ் பெயர்கள் புழங்குகின்றன. இணையத்தில் அமெரிக்கப் பெயர்கள் அதிகம். செமிபிரீவ் என்பது ஹோல் நோட், மினிம் என்பது ஹாஃப் நோட், கிராட்செட் என்பது குவார்ட்டர் நோட், குவேவர் என்பது எய்த் நோட். ஸ்கோரில் இரண்டு குத்துக்கோடுகளுக்கு நடுவில் உள்ள பகுதியான ‘பார்’ என்பதை அங்கே ‘மெஷர்’ என்பார்கள்.

கிராட்செட்டை ஒன்று என்று வைத்தால் மினிம் இரண்டு, செமிபிரீவ் நான்கு, குவேவர் அரை. நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அதன் மதிப்பில் பாதி கூடும். புள்ளி வைத்த கிராட்செட் ஒன்றரை. அதே புள்ளி நோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருந்தால் அது ஸ்டகாட்டோ. அதாவது நோட்டை வெட்டிச் சுருக்கு என்பது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இந்தப் புள்ளியில்தான்.

4/4, 6/8 இதையெல்லாம் தாளம்னு எடுத்துக்கலாமா?

பாதி எடுத்துக்கொள்ளலாம். மேல் எண் ஒரு பாரில் எத்தனை, கீழ் எண் எந்த நோட்டு. 4/4 என்றால் நான்கு கிராட்செட். இரண்டு பார் சேர்ந்தால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் கணக்கில் வந்துவிடும். ஆனால் இங்கே லகு, திருதம் என்ற அமைப்பு கிடையாது. பாரின் முதல் அடிக்கு இயல்பாகவே எடை கூடும், அவ்வளவுதான்.

தவறு நடப்பது 6/8-இல். ஆறு என்று எண்ணிவிடுகிறார்கள். மிக மெதுவான பாட்டைத் தவிர, குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர் இரண்டு அடிதான் காட்டுவார். ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று குவேவர், திஸ்ர நடை போல. 3/4-இலும் ஆறு குவேவர் அடங்கும், ஆனால் அங்கே மூன்று அடி, அடிக்கு இரண்டு. 7/8 வந்தால் மிஸ்ர சாபுதானே என்று 3, 2, 2 எனப் போட்டுவிடாதீர்கள். சில பாட்டுகளில் 2, 2, 3 ஆக இருக்கும். குவேவர்களை எந்தக் கூட்டமாகக் கோடிட்டு இணைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கண்டக்டரின் வலக்கையைப் படிக்கும் வழி: நான்கு அடிக்குக் கீழே, உள்ளே, வெளியே, மேலே. மூன்று அடிக்குக் கீழே, வெளியே, மேலே. கை கீழே வருவதுதான் எப்போதும் முதல் அடி. தொடையில் தாளம் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை மேடையில் விட்டுவிட வேண்டும், பார்வையாளர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

பி, எம்.பி., எம்.எஃப்., எஃப்.ன்னு எழுத்தா இருக்கே, அதுக்கு ஏதாவது அளவு இருக்கா?

நிலையான அளவு இல்லை, வரிசை உண்டு. பி என்பது பியானோ, மென்மை. எஃப் என்பது ஃபோர்ட்டே, வலிமை. எம் என்பது மெட்ஸோ, மிதம். மிக மென்மையிலிருந்து வலிமைக்கு: பிபி, பி, எம்.பி., எம்.எஃப்., எஃப், எஃப்எஃப். நாற்பது பேர் பாடும் பியானோவும் எட்டுப் பேர் பாடும் பியானோவும் ஒன்றல்ல. மண்டபத்தையும் மற்றக் குரல்களையும் பார்த்துக் கண்டக்டர் முடிவு செய்வார்.

பியானோ என்றதும் மூச்சையும் சேர்த்துக் குறைப்பதுதான் பெரிய தவறு. சத்தம் குறைய வேண்டும், வயிற்றின் பிடி குறையக் கூடாது. பிடி தளர்ந்தால் சுருதி இறங்கும், சொல்லும் மங்கும். மென்மையான இடத்தில் மெய்யெழுத்துகளை இன்னும் கூர்மையாக உச்சரியுங்கள். ‘சுபிட்டோ பி’ என்றிருந்தால் படிப்படியாக அல்ல, அந்த நோட்டிலேயே சட்டென்று குறைக்க வேண்டும்.

கிரெசெண்டோ வந்தா உடனே சத்தமா பாடணுமா?

கூடாது. கிரெசெண்டோ என்றால் படிப்படியாகச் சத்தம் கூட்டுவது, அது தொடங்கும் இடம் மென்மையான இடம். நான்கு பாரில் பி-யிலிருந்து எஃப்-க்குப் போக வேண்டும் என்றால் முதல் பார் பி-யிலேயே இருக்கட்டும், இரண்டாவது எம்.பி., மூன்றாவது எம்.எஃப்., நான்காவதன் முடிவில் எஃப். இதைப் பென்சிலால் ஸ்கோரில் எழுதிவிடுங்கள். முதல் பாரிலேயே கொட்டிவிட்டால் பிறகு ஏற இடமிருக்காது.

இன்னொரு நோய்: சத்தம் ஏறும்போது வேகமும் ஏறும், டிமினுவெண்டோவில் சத்தம் குறையும்போது பாட்டு இழுக்கும். இரண்டையும் பிரித்துப் பழக, அடியைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் போட்டுக்கொண்டு அந்த நான்கு பாரை மட்டும் பாடிப் பாருங்கள்.

அலெக்ரோன்னா வேகம், அடாஜியோன்னா மெதுவுன்னு தெரியும். எவ்வளவு வேகம்?

நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கில், ஏறத்தாழ: லார்கோ 40 முதல் 60, அடாஜியோ 66 முதல் 76, அந்தாந்தே 76 முதல் 108, மொடராட்டோ 108 முதல் 120, அலெக்ரோ 120-க்கு மேல், பிரெஸ்டோ 168-க்கு மேல். மெட்ரோனோமுக்கு மெல்ட்செல் காப்புரிமை பெற்றது 1815-இல். அதற்கு முந்திய பாக், ஹேண்டல் பாட்டுகளில் எண் அச்சிட்டிருந்தால் அது பதிப்பாசிரியர் போட்டது. கண்டக்டர் மாற்றினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எண்ணைவிட அதன் பக்கத்தில் எந்த நோட்டு இருக்கிறது என்று பாருங்கள். கிராட்செட் 72 என்பதும் மினிம் 72 என்பதும் இரண்டு மடங்கு வித்தியாசம். முதல் காலம், இரண்டாம் காலம் என்று இரட்டித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். ‘ரிட்.’, ‘ரால்.’ இரண்டுமே வேகம் குறைவதைச் சொல்பவை. ‘அக்செல்.’ வேகம் கூடுவதற்கு. ‘ஆ டெம்போ’ வந்தால் பழைய வேகத்துக்குத் திரும்பு. இந்த நான்கு சொற்களுக்கும் பொதுவான நடைமுறை ஒன்றே: தலையை நிமிர்த்திக் கண்டக்டரைப் பார்.

நோட்டு மேல கண்ணு மாதிரி ஒண்ணு, சில இடத்துல கமா. எவ்வளவு நேரம் நிக்கணும்?

கண் போன்றது ஃபெர்மாட்டா. கண்டக்டர் கை முடிக்கும்வரை அந்த நோட்டைப் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை கிடையாது. கமா மூச்சுக்கு. மூச்சு எடுக்கும் நேரத்தை முந்திய நோட்டிலிருந்து கழிக்க வேண்டும். அடுத்த நோட்டைத் தாமதமாகத் தொடங்கக் கூடாது.

கமாவே இல்லாம எட்டு பார் போகுது. மூச்சு பத்தல. என்ன பண்றது?

குழுவாகப் பாடுவதன் வசதியே இதுதான்: மாறி மாறி மூச்சு எடுக்கலாம். சில விதிகள் உண்டு. பக்கத்தில் நிற்பவர் எடுக்கும்போது எடுக்காதீர்கள். பார் கோட்டிலும் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலும் எல்லாரும் எடுக்க ஆசைப்படுவார்கள், அங்கே வேண்டாம். நீண்ட உயிரெழுத்தின் நடுவில் சத்தத்தைக் குறைத்து விலகி, மூச்சு எடுத்து, அதே உயிரெழுத்தில் மென்மையாக நுழையுங்கள். மறுபடி மெய்யெழுத்திலிருந்து தொடங்கினால் பிடிபட்டுவிடும். ஆளுக்கொரு பார் எண்ணைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இளைய குழுக்களுக்குச் சுலபம்.

ரெண்டு நோட்டுக்கு மேல வளைவு இருந்தா அது டையா, ஸ்லரா?

இரண்டும் ஒரே ஸ்வரம், அடுத்தடுத்து இருந்தால் டை: இரண்டின் மதிப்பையும் கூட்டி ஒன்றாகப் பிடிக்க வேண்டும். வேறு வேறு ஸ்வரமானால் ஸ்லர். பாட்டு ஸ்கோரில் ஸ்லர் பெரும்பாலும் ஒரே அசையைப் பல ஸ்வரங்களில் பாடு என்று சொல்கிறது, அகாரத்தில் பாடுவது போல. ‘அ-ஹ-அ-ஹ’ என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் காற்றைத் தள்ளாதீர்கள். ஜாருவைப் போல ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கவும் கூடாது. வழுக்க வேண்டுமானால் ‘போர்ட்டமெண்டோ’ என்றோ ‘கிளிஸாண்டோ’ என்றோ எழுதியிருப்பார்கள்.

சங்கீத டீச்சர் கமகம் இல்லாம பாடாதேங்கிறாங்க, காயர் டீச்சர் குரலை ஆட்டாதேங்கிறார். யார் சொல்றது சரி?

இருவரும் சரி. கர்நாடக இசையில் ஒரே மெட்டு ஓடுகிறது. ஸ்வரத்தின் அசைவில்தான் ராகத்தின் முகம் தெரிகிறது. காயரில் மூன்று, நான்கு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ச, க, ப மூன்றும் சேர்ந்த கார்டில் காந்தாரம் பாடுபவர் அதை மத்திமத்தை நோக்கி அசைத்தால் கார்டே கலங்கும். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான், ஹார்மோனிக் மைனர் என்பது கீரவாணியின் ஸ்வரங்கள்தான். ஆனால் ஸ்வரம் மட்டுமே பொது. சங்கராபரணமாக அதைப் பாடத் தொடங்கிவிட்டால் சிக்கல்.

பயிற்சிக்குச் சுருதிப் பெட்டியே போதும். சங்கராபரண ஆரோகணத்தை ஸ்வரத்துக்கு எட்டு எண்ணிக்கையாக, அசைவே இல்லாமல், ஒரே சத்தத்தில் பிடியுங்கள். அந்தர காந்தாரத்தில் கூடுதல் நேரம் நில்லுங்கள். பியானோவின் காந்தாரத்தைவிட இயல்பான காந்தாரம் சற்றுத் தாழ்வு, ஓர் அரைஸ்வரத்தை 100 பங்காக்கினால் 14 பங்கு அளவுக்கு. நன்றாகச் சேர்த்த தம்புராவின் மந்தர சட்ஜத்திலிருந்து தானாக எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடம் காதிலேயே இருக்கும். துணை வாத்தியம் இல்லாமல் பாடும் அ கப்பெல்லா பாட்டுகளில் காயர் தேடுவதும் அந்த இடத்தைத்தான். பியானோ கூடவே வாசித்தால் அதை ஒட்டியே பாட வேண்டியிருக்கும்.

கீ, பிட்ச், சுருதி எல்லாம் ஒண்ணா?

பிட்ச் என்பது ஒரு தனி ஸ்வரத்தின் உயரம். உலகெங்கும் பெரும்பாலும் நடு சி-க்கு மேலே உள்ள ஏ-யை 440 ஹெர்ட்ஸாக வைக்கிறார்கள். பழைய பரோக் இசைக்கு 415-ஆக இறக்கி வாசிக்கும் குழுக்களும் உண்டு. கீ என்பது பாட்டின் சட்ஜம் எது, எந்த ஸ்வரக்கூட்டம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வது. நம் கட்டைக் கணக்கில் 1 கட்டை சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். ஷார்ப் குறி ஸ்வரத்தை அரைஸ்வரம் ஏற்றும், ஃபிளாட் குறி அரைஸ்வரம் இறக்கும்.

ஷார்ப், ஃபிளாட் எதுவும் இல்லாத ஸ்கோர் சி மேஜராகவும் இருக்கலாம், ஏ மைனராகவும் இருக்கலாம். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக்கினால் கிரக பேதத்தில் நடபைரவி வருமே, அதே கணக்கு. பாட்டின் கடைசிப் பேஸ் நோட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே சட்ஜம். நடுவில் சட்ஜமே இடம் மாறுவதும் உண்டு. அதற்கு மாடுலேஷன் என்று பெயர். மனத்துக்குள் தம்புரா ஓடிக்கொண்டிருப்பவர்கள் தடுமாறும் இடம் அது.

பாட்டுல ஃபிளாட் குறியே இல்ல. ஆனா கண்டக்டர் ‘ஆல்ட்டோ ஃபிளாட்’ங்கிறாரே?

குறியைச் சொல்லவில்லை, சுருதி இறங்கிவிட்டது என்கிறார். வழக்கமாக நான்கு இடங்களில் இறங்கும்: ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடம், படிப்படியாகக் கீழிறங்கும் வரி, மென்மையான நீண்ட நோட்டு, ஒத்திகையின் கடைசி அரைமணி. இறங்கும்போது படிகளைச் சின்னதாகவும் ஏறும்போது பெரிதாகவும் வையுங்கள். ஒரே ஸ்வரம் தொடர்ந்தால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மயிரிழை மேலே என்று நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையான இடத்துக்கு, மேலே பியானோ பற்றிச் சொன்ன வயிற்றுப் பிடிதான் மருந்து.

டோ ரே மி தான் ச ரி க வா?

காயர்களில் அதிகம் பழக்கும் முறையில் ‘டோ’ நகரும், நம் சட்ஜம் போலவே. அந்த அளவில் ஆம். ஏ மைனர் பாட்டு வந்தால்தான் தகராறு. பல ஆசிரியர்கள் மைனரின் ஆதார ஸ்வரத்தை ‘லா’ என்று பாடவைப்பார்கள். நீங்கள் அதைச் ‘ச’ என்று நினைப்பீர்கள். ஸ்வர இடைவெளி இரண்டிலும் சரியாகவே இருக்கும், எனவே மனத்துக்குள் எப்படி வைத்தாலும் வாய் குழுவோடு ‘லா’ சொல்லட்டும். சி எப்போதுமே ‘டோ’ என்று நிற்கும் வேறொரு முறையும் உண்டு, எந்த முறை என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

டி.எஸ். அல் கோடா வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போயிடுறோம். வழி சொல்லுங்க.

டி.சி. என்றால் பாட்டின் தொடக்கத்துக்குப் போ. டி.எஸ். என்றால் சாய்கோடும் இரண்டு புள்ளியும் கொண்ட எஸ் போன்ற குறிக்குப் போ. ‘அல் ஃபீனே’ சேர்ந்திருந்தால் ‘ஃபீனே’ என்று போட்ட இடத்தில் முடி. ‘அல் கோடா’ இருந்தால் வட்டத்தில் கூட்டல் போட்ட குறி வரை பாடி, அங்கிருந்து கடைசியில் உள்ள கோடா என்ற முடிவுப் பகுதிக்குத் தாவு. திரும்பிப் போன பிறகு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், ரிப்பீட்டுகளை மறுபடி செய்வதில்லை. 1, 2 என்று முடிவுகள் இருந்தால் நேராக 2.

இந்த மூன்று இடங்களிலும் வண்ணத்தாள் ஒட்டி, பக்க எண்ணையும் எழுதுங்கள். தாவும் இடத்துக்கு முந்திய பாரையும் பிந்திய பாரையும் மட்டும் பத்துத் தடவை சேர்த்துப் பாடுவது, முழுப் பாட்டை இரண்டு தடவை பாடுவதைவிடப் பயன் தரும்.

டிவ்., யூனிஸ்., டுட்டி, டாசெட்?

டிவ். என்றால் ஒரே குரல் இரண்டாகப் பிரிகிறது. யார் மேலே, யார் கீழே என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் எல்லாரும் மேலே போவார்கள். யூனிஸ். என்றால் மறுபடி ஒன்று சேர். டுட்டி என்றால் எல்லாரும், டாசெட் என்றால் அந்தப் பகுதி முழுவதும் நீங்கள் சும்மா இருக்க வேண்டும்.

கச்சேரி நிரல்ல ரெக்வியம், ஒரட்டோரியோ, கே. 626ன்னெல்லாம் இருக்கே. எங்க கைதட்டுறது?

மாஸ் என்பது திருப்பலியின் மாறாத பகுதிகளான கீரியே, குளோரியா, கிரேடோ, சாங்க்டுஸ், ஆக்னுஸ் தேய் ஆகியவற்றுக்கு அமைத்த இசை. கீரியே மட்டும் கிரேக்கம், மற்றவை லத்தீன். இறந்தோருக்கானது ரெக்வியம், அதில் குளோரியாவும் கிரேடோவும் இருக்காது. ஒரட்டோரியோ என்பது பெரும்பாலும் வேதாகமக் கதையை நடிப்பும் உடையும் இல்லாமல் பாடுவது. ஹேண்டலின் ‘மெசாயா’ அந்த வகை, முதலில் அரங்கேறியது டப்ளினில், 1742-இல்.

கே. என்பது மொட்சார்ட் படைப்புகளுக்குக் கெகெல் 1862-இல் வெளியிட்ட பட்டியலின் எண்; 626 அவருடைய ரெக்வியம். பாக் படைப்புகளுக்கு பிடபிள்யூவி. ஓப். என்பது பெரும்பாலும் வெளியீட்டு வரிசை எண். எஸ்பிளனேடிலோ விக்டோரியா இசை மண்டபத்திலோ உட்கார்ந்திருக்கும்போது, நிரலில் ஒரு தலைப்பின் கீழ் எத்தனை பகுதி என்று எண்ணி வையுங்கள். பகுதிகளுக்கு நடுவில் தட்டுவதில்லை. எண்ணிக்கை தவறிவிட்டால் கண்டக்டர் கையைத் தொங்கவிட்டுத் திரும்பும்வரை பொறுங்கள்.

நீண்ட நோட்டு முடியுற இடத்துல கடைசி ‘ட்’, ‘ஸ்’ எங்க வைக்கணும்?

நோட்டுக்குப் பின் ரெஸ்ட் (பாடாமல் நிற்கும் இடத்தின் குறி) இருந்தால் அந்த ரெஸ்டின் மேல். நான்கு அடி பிடித்து ஐந்தாவது அடி ரெஸ்ட் என்றால் ஐந்தில் ‘ட்’. தொடக்க மெய்யெழுத்து இதற்கு நேரெதிர், அடிக்குச் சற்று முன்னால் வரும். அடியில் விழ வேண்டியது உயிரெழுத்து. ‘ஸ்’ மட்டும் நான்கு பேர் சொன்னாலே மண்டபம் முழுக்கக் கேட்கும். சில குழுக்களில் பாதிப் பேரை அதைச் சொல்லாமலே விடச் சொல்வார்கள்.

தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்துல போட்டிருக்காங்க. ‘படம்’ காயர் பாடினா ‘பாடம்’னு கேக்குது. யார் மேல தப்பு?

பெரும்பாலும் ஸ்கோர் மேல். குறிலுக்கு மினிமும் நெடிலுக்குக் குவேவரும் கொடுத்துவிட்டால் எப்படிப் பாடினாலும் பொருள் பிறழும். முதலில் இசையமைத்தவரிடமோ ஆசிரியரிடமோ கேட்டுப் பாருங்கள்; அந்த மினிமைக் குவேவராக்கி அடுத்த அசையை நீட்டினாலே பல இடங்கள் சரியாகிவிடும். மாற்ற முடியாத இடத்தில், குறிலுக்குப் பின் ன், ம், ல் போன்ற மெய் வந்தால் உயிரைச் சீக்கிரம் முடித்து அந்த மெய்யில் நின்று ஒலிக்கலாம். வல்லின மெய்யில் நிற்க முடியாது, நோட்டையே சற்றுச் சுருக்கிப் பாட வேண்டும்.

சீன, மலாய் நண்பர்கள் உச்சரிப்புக் கேட்டு வருவது தமிழ்ப் பிள்ளைகளிடம்தான். ரோமன் எழுத்தில் ‘கே’ போட்டிருந்தாலும் ‘அகம்’ என்பதில் மென்மையாகவும் ‘அக்கா’ என்பதில் அழுத்தியும் சொல்ல வேண்டும் என்பதை வரிக்கு வரி குறித்துக் கொடுங்கள். ‘ழ’ வரும் சொற்களைத் தனியே பட்டியலிட்டு, மெதுவாக ஒரு முறை, பாட்டின் வேகத்தில் ஒரு முறை பேசிப் பதிவு செய்து அனுப்பினால் அடுத்த ஒத்திகையில் வித்தியாசம் தெரியும்.